எட்டு ஜோடி சாக்ஸ்

மார்ச் 11

57. இவருக்கு வேலை போய்விட்டது. அடுத்த வேலை தேட விசா தரும் அறுபது நாளில் மிச்சம்.

மார்ச் 12

வெளியே அரை அடிப் பனி. மிச்சிகனில் இந்த ஹாலந்து ஊரின் எட்டாம் தெருக் கடைவீதியில் மட்டும் ஒரு பொட்டுக்கூட இல்லை, நடைபாதை மழை பெய்து ஓய்ந்த மாதிரி பளபளக்கிறது. 1988ல் போட ஆரம்பித்த குழாய்கள். மின் நிலையத்தில் வீணாகப் போகும் சூட்டில் தண்ணீரைக் காய்ச்சித் தெருவுக்கு அடியில் ஓடவிடுகிறார்கள். ஆறு வருடமாக அதன்மேல் நடக்கிறேன். இன்றைக்குத்தான் குனிந்து, கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூடெல்லாம் இல்லை. காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது. வழியில் போன ஒரு பெரியவர் நின்று, ஏதாவது தொலைத்துவிட்டாயா அம்மா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மார்ச் 15

இவர் காலை எட்டு மணிக்கெல்லாம் சட்டை மாட்டி, தலை வாரிச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுகிறார். மத்தியானத்துக்கு டப்பாவில் கட்டித் தரட்டுமா என்று கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

மார்ச் 19

49. டூலிப் திருவிழாவின் டச்சு ஆட்டத்துக்கு மகளுக்கு இன்று மரச்செருப்பு வந்துவிட்டது. ஓர் அக்கா போட்டு ஆடியது, குதிகாலில் சின்ன விரிசல். சும்மா போட்டால் கால் பிய்ந்துவிடுமாம். ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு ஜோடி சாக்ஸ் போட வேண்டும் என்று மற்ற பெண்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கூடத்தில் ஆடிக் காட்டினாள். டக் டக் டக். கீழ்வீட்டுக்காரர் மேலே வருவதற்குள் நிறுத்தினேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “பாதக்குறடா? சாமியார் போடுறதா?” என்றாள். ஆமாம் அம்மா, சாமியார் போடுவதுதான், பதினைந்து வயசுப் பெண்ணுக்கு. அவளுக்கு வந்தது பையன் வேஷம். 1935ல் இதை ஆரம்பித்தபோது பன்னிரண்டே பேர், எல்லாரும் பெண்கள். ஜோடி சேர்ந்து ஆட பாதிப் பேர் கால்சட்டை மாட்டிக்கொண்டார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது.

இன்னொன்றையும் அம்மாவிடம் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

மார்ச் 24

வீட்டில் இருந்தால் அவருடைய கீபோர்டு சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன் என்று நூலகத்துக்குப் போய்விட்டேன். ஊர் வரலாற்று அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து நாலு மணி நேரம் படித்தேன். பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை.

வான் ரால்டே பாதிரியார். பூங்காவில் சிலையாக நிற்கிறாரே, அவரேதான். நெதர்லாந்தில் 1834ல் அரசாங்கச் சபையை விட்டுப் பிரிந்தவர்களோடு சேர்ந்தவர். இருபது பேருக்கு மேல் கூடி ஜெபம் செய்தால் அபராதம், சில வீடுகளில் சிப்பாய்களைக் கொண்டுவந்து தங்க வைத்திருக்கிறார்கள். அது போதாதென்று 1845ல் உருளைக்கிழங்குப் பயிர் நோய் கண்டு அழுகியது. 1846ல் கப்பல் ஏறினார்கள். இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சங்கதி: அவர் இங்கே வரக் கிளம்பவே இல்லை. விஸ்கான்சின் போவதாகத்தான் ஏற்பாடு. குளிர்காலம் வந்து ஏரியில் கப்பல் போக்குவரத்து நின்றுபோக, டெட்ராய்ட்டில் மாட்டிக்கொண்டார். அங்கே யார் யாரோ இந்தப் பக்கத்துக் காட்டைப் பற்றிச் சொல்ல, பனியில் நடந்து வந்து பார்த்தார். 1847 பிப்ரவரி 9ல் ஆட்களோடு வந்து குடியேறினார். அவ்வளவுதான் இந்த ஊர். நாங்களும் நியூ ஜெர்சி என்று நினைத்துத்தான் கிளம்பினோம்.

வந்தவர்களில் பலருக்கு மரம் வெட்டத் தெரியாது. மரமே அதிகம் இல்லாத நாட்டிலிருந்து வந்தவர்கள் எங்கே கற்றுக்கொள்வது? அந்தக் கோடையில் சதுப்பு நிலக் காய்ச்சல். செத்தவர்களின் பிள்ளைகளுக்காக ஓர் அனாதை இல்லம் கட்ட ஆரம்பித்தார்கள். கட்டி முடிப்பதற்குள் அத்தனை பிள்ளைகளையும் ஆளாளுக்கு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடம் காலியாக நின்றது. பிறகு பள்ளிக்கூடமாக்கினார்கள்.

அதைப் படித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வந்து படித்தது வேறு மாதிரி. காடு என்றார்களே, அதில் ஏற்கெனவே ஒட்டாவா என்ற பழங்குடி மக்கள் இருந்தார்கள், அவர்களுக்கு ஒரு மிஷனும் இருந்தது. வான் ரால்டே வந்தவுடன் தங்க இடம் கொடுத்ததே அந்தப் பக்கத்து ஆட்கள்தான். இரண்டு வருடம். 1849ல் ஒட்டாவா மக்கள் தங்கள் சாமான்களோடு ஏரி வழியாக வடக்கே போய்விட்டார்கள். புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி.

மார்ச் 25

ஒரு இடத்திலிருந்து மெயில். “வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்.”

ஏப்ரல் 2

35. நடன உடுப்புக்குச் சோதனை உண்டு. நெதர்லாந்தின் எந்த மாகாணத்து உடுப்போ அதன்படி அச்சு அசலாக இருக்க வேண்டும். நகை கூடாது, நகப்பூச்சு கூடாது, முடி தொப்பிக்கு வெளியே தெரியக்கூடாது. கால்சட்டை இடுப்பில் இரண்டு அங்குலம் லூசு. பிரித்துத் தைத்தேன். துணி கறுப்பு, நூல் கறுப்பு, வெளிச்சம் கம்மி. மூன்று தடவை ஊசி விரலில் ஏறியது.

மூக்குத்தியைக் கழற்ற வேண்டும். திருகாணி வைத்தது, போன வருடம் ஊரில் குத்தியது. ஒரு நாள் கழற்றினால் தூர்ந்துவிடுமா என்று கேட்கிறாள். அதெல்லாம் தூராது என்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

ஏப்ரல் 3

அம்மாவிடம் கேட்டேன். ஒரு நாளில் தூராதாம், வேப்பங்குச்சி வைக்கலாமாம். வேப்பங்குச்சிக்கு மிச்சிகனில் எங்கே போவது?

ஏப்ரல் 6

அவரை இழுத்துக்கொண்டு காற்றாலைப் பக்கம் போனேன். இறக்கைகள் சும்மா நின்றன. ‘டி ஸ்வான்’, அதாவது அன்னம். 1964ல் நெதர்லாந்திலிருந்து கழற்றிக் கப்பலில் கொண்டுவந்தார்கள், 1965ல் திறந்தார்கள். காற்றாலைகளை நாட்டை விட்டு வெளியே விடக்கூடாது என்று அங்கே கறார். போரில் அடிபட்டது என்பதால் இதற்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள், அதோடு சரி. இன்றும் கோதுமை அரைக்கிறது. கட்டியது 1761 என்றே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு ஆராய்ந்து பார்த்தால் 1884. நூற்று இருபத்து மூன்று வருடம் வித்தியாசம்!

“பார்த்தீங்களா, காற்றாலைக்கே பிறந்த தேதி தப்பு” என்றேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது இவருடைய தாத்தா போட்ட தேதியோடு ஆறு வருடமாக வக்கீல்களிடம் நாங்கள் படுகிற பாடு அவருக்குத்தான் தெரியும். சிரித்தார். 31 நாளைக்கு, வேண்டாம், எண்ணிக்கையை எழுதவில்லை.

ஏப்ரல் 9

மூன்றாவது சுற்று முடிந்தது. நன்றாகப் போனதாகச் சொல்கிறார். போன தடவையும் அப்படித்தான் சொன்னார்.

ஏப்ரல் 14

23. வருடப் பிறப்பு. மாங்காய்க்காகக் கிராண்ட் ராப்பிட்ஸ் வரைக்கும் போவோம் எப்போதும், ஐம்பது கிலோமீட்டர். இந்தத் தடவை போகவில்லை. பச்சை ஆப்பிளில் பச்சடி. வேப்பம்பூ இல்லாமல் கசப்புக்கு வெந்தயம்.

எதிர்வீட்டு அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். நாக்கைச் சப்புக்கொட்டி, மிளகாய்த்தூள் இன்னும் போடலாம் என்றாள். அவள் அம்மா டெக்சாஸிலிருந்து வெள்ளரிக்காய் பறிக்க வந்தவள். இங்கே ஹைன்ஸ் ஊறுகாய் ஆலை 1897 முதல் ஓடுகிறது. பறிக்க வந்தவர்களில் கொஞ்சம் பேர் பருவம் முடிந்தும் திரும்பிப் போகவில்லை. இன்று ஊரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஸ்பானிஷ் பேசும் குடும்பம். “முதல் குளிர்காலம்தான் கஷ்டம்” என்றாள். இது எங்களுக்கு ஆறாவது என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 17

பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கினார். நான் திருப்பி ஏற்றினேன். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 20

தூண் வைத்த அந்த வெள்ளைச் சர்ச்சின் முன்னால் பஸ்ஸுக்கு நின்றேன். 1856ல் கட்டியது. 1871 அக்டோபரில், சிகாகோ எரிந்த அதே ராத்திரியில் இந்த ஊரும் பெரும்பகுதி எரிந்து போனது. இந்தச் சர்ச் தப்பித்தது. நெருப்பு தொடாததை ஆட்கள் தொட்டார்கள்: 1882ல், ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தில் இருப்பவரைச் சபையில் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று சண்டை. பெரும்பான்மையோர் தாய்ச்சபையிலிருந்து விலகி, கட்டடத்தைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். காஞ்சிபுரத்து யானைக்கு எந்த நாமம் என்று கோர்ட்டுக்குப் போனவர்களின் ஊர்க்காரி நான், எனக்கா புரியாது? 2012ல்தான் இரண்டு சபைக்கும் பொதுவானது. நூற்று முப்பது வருடம் ஆகியிருக்கிறது ஒரு சமாதானத்துக்கு.

டூலிப் தலைகாட்டிவிட்டது. இன்னும் பச்சை மொட்டுதான், உள்ளே சிவப்பு ஒரு கோடாகத் தெரிகிறது. பறித்தால் அபராதம்.

ஏப்ரல் 23

பூவுக்குக் குளிர் வேண்டுமாம். இலையுதிர் காலத்தில் கிழங்கைப் புதைத்து, மூன்று நாலு மாதம் மண்ணுக்குள் குளிரில் கிடந்தால்தான் மலரும். ஊரில் அம்மா தொட்டியில் வைத்த கிழங்கு ஏன் அழுகிப்போனது என்று இப்போது தெரிகிறது. 1927ல் லைடா ராஜர்ஸ் என்ற உயிரியல் டீச்சர் சொல்லித்தான் இதெல்லாம் ஆரம்பம். அடுத்த வருடம் ஒரு லட்சம் கிழங்கு வரவழைத்தார்கள். இத்தனை நாள் டச்சுக்காரர்கள் வந்த நாளிலிருந்தே டூலிப் இருந்தது என்றல்லவா நினைத்தேன். எண்பது வருடம் அது இல்லாமலே இருந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 26

11. நாலாவது சுற்று.

ஏப்ரல் 30

போன் வரவில்லை. மெயில் வரவில்லை. ஸ்பாம் பெட்டியைக்கூடப் பார்த்துவிட்டேன்.

மே 2

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “பிள்ளை ஆட்டம் என்னைக்கு?” என்று கேட்டாள்.

மே 4

காலையில் தெருக் கழுவுதல். மேயரும் மற்றவர்களும் அந்தக்கால உடுப்பில் வந்து தெருவைப் பார்த்து, அழுக்காக இருக்கிறது, கழுவுங்கள் என்று அறிவிக்க வேண்டும், உடனே எல்லாரும் வாளியும் துடைப்பமுமாக இறங்க வேண்டும். தெரு பளிச்சென்று இருந்தது. இருந்தாலும் கழுவினார்கள். எனக்கு வாசல் தெளிக்கக் கை பரபரத்தது.

மூக்குத்தியைக் கழற்றிப் பருத்தியில் சுற்றி என் பர்ஸில் வைத்தேன். திருகாணி தனியாக, மாத்திரை டப்பாவில். முடியை நாலு பின் போட்டுத் தொப்பிக்குள் திணித்தேன். சோதனைக்கார அம்மா கழுத்தைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், சரி என்றாள். எத்தனையோ நூறு மரச்செருப்பு ஒரே சமயத்தில் தார்ச் சாலையில் இறங்கியபோது வயிற்றில் தெரிந்தது. இவர் வீடியோ எடுத்தார். பாதியில் போன் அதிர, வீடியோ நின்றுவிட்டது. எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போனார். இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மே 5

மகள் இன்னும் எழுந்திருக்கவில்லை. மூக்குத்தியை நேற்று ராத்திரியே போட்டுவிட்டோம், தேங்காய் எண்ணெய் தொட்டதும் ஏறிவிட்டது. சாக்ஸ் எல்லாம் துவைத்துக் காயப்போட்டேன். எட்டு ஜோடிக்கு பதினாறு இருக்க வேண்டும். பதினைந்துதான் இருக்கிறது.