ஏற்காடு ஏறுவதற்கு முன்

ஈஸ்டருக்கு முன் வருகிற லெந்து தவநாட்களில் ஒரு சனிக்கிழமை ஏற்காடு போய் ஜெபித்துவிட்டு வருவது எங்கள் சபையில் பல வருட வழக்கம். அஸ்தம்பட்டியில் காலையில் கூடுவோம். வேன் பிடித்து மலையேறி, ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் ஆராதனை, ஏரிக்கரையில் புளிசாதமும் தயிர்சாதமும், இருட்டுவதற்குள் இறக்கம். கறாராகச் சொன்னால் பாதி திருப்பயணம், பாதி பிக்னிக். ஆண்டவருக்கு இதில் வருத்தம் ஒன்றும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வருடம் ஆயர் ஐயா ஒரு மாற்றம் சொன்னார். மலையேறுவதற்கு முன், சேலத்திலேயே கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் தொழுநோயாளர் இல்லம் ஒன்றில் காலைப்பொழுதைக் கழிப்பது. "பாட்டு வேண்டாம், பிரசங்கம் வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம். அங்கே சிஸ்டர் என்ன வேலை சொல்றாங்களோ அதைச் செஞ்சிட்டு மேலே போவோம்" என்றார். கூட்டத்தில் சிலருக்கு முகம் சுண்டிவிட்டது. வெயில் ஏறிவிடும், குழந்தைகள் வருகிறார்கள், தொற்றிக்கொண்டால் என்ன ஆவது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தொற்றைப் பற்றிக் கேட்டவர் படித்தவர்தான். இந்த ஒரு வியாதியில் மட்டும் படிப்பு கைகொடுப்பதில்லை.

கிறைஸ்ட் சர்ச்சில் புறப்பாட்டு ஜெபம். சென்னையில் செனட் ஹவுஸை வடிவமைத்த சிஷோம்தான் இந்த ஆலயத்துக்கும் வடிவம் கொடுத்தவர். சேலத்துக்காரர்களான நாங்கள் அதன் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது ஒருநாளும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அன்றைய வேதபாடம் வேதாகமத்தில் யாக்கோபு எழுதிய நிருபத்தின், அதாவது கடிதத்தின், இரண்டாம் அதிகாரம். உடுத்த துணியும் அன்றாட ஆகாரமும் இல்லாமல் நிற்கிற சகோதரனிடம், "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் வாழ்த்தி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிற பகுதி. எத்தனையோ தடவை கேட்ட வசனம். ஆனாலும் அதில் ஒரு கிண்டல் இருக்கிறது. குளிரில் நடுங்குகிறவனைப் பார்த்துக் குளிர்காயச் சொல்கிறவர் யார் என்று ஒவ்வொருவரும் பக்கத்து பெஞ்சைப் பார்க்கிற மாதிரியான கிண்டல்.

வேனில் ஏறியதும் விவாதம் தொடங்கிவிட்டது. எங்கள் சபையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் உண்டு. வாத்தியார் அண்ணன் என்போம். "நாம புராட்டஸ்டன்ட். கிருபையினாலே விசுவாசத்தைக் கொண்டு இரட்சிப்பு, நாம செய்ற கிரியையினாலே இல்லைன்னுதானே எபேசியர் நிருபத்துல இருக்கு? லூத்தரே யாக்கோபை வைக்கோல் நிருபம்னு சொல்லியிருக்கார்" என்று ஆரம்பித்தார். சொன்னது உண்மைதான். 1522-ல் வந்த ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில், புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் அப்படித்தான் எழுதினார். ஆனால் அதே பதிப்பில் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் சும்மா இருக்க முடியாதது, நன்மை செய்ய வேண்டுமா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே அதைச் செய்து முடித்திருக்கும் என்கிற பொருளிலும் எழுதியிருக்கிறார். எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் எட்டாம் ஒன்பதாம் வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் பத்தாம் வசனத்துக்கு முன்னால் மூச்சு வாங்க நிறுத்திவிடுகிறார்கள். நாம் நற்கிரியைகளைச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அங்கே இருக்கிறது. இதை ஆயர் ஐயா சொன்னபோது வாத்தியார் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இல்லத்தில் எங்களுக்கு வேலை தயாராக இருந்தது. நீளமான திண்ணையில் வரிசையாக முதியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு பிளாஸ்டிக் பேசின், அதில் வெறும் பச்சைத் தண்ணீர். வெந்நீர் கூடாதாம். சூடு உறைக்காத கால் வெந்துபோனாலும் தெரியாது. இருபது நிமிடம் காலை ஊறவிட வேண்டும். அப்புறம் குதிகாலிலும் விரல்களுக்கு அடியிலும் தடித்துப்போன தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவிவிட வேண்டும். எங்கேயாவது சிவந்திருக்கிறதா, முள் ஏறியிருக்கிறதா என்று பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நாளைக்கும் இதே வேலை. நாளை மறுநாளும் இதே வேலை. சிஸ்டர் சொல்லிக்கொடுத்த வேகத்தில் பக்தி இல்லை. சாம்பாருக்குக் காய் நறுக்குகிறவரின் கைவேகம்தான் இருந்தது.

எனக்குக் கிடைத்தவர் ஒரு தாத்தா. நெசவாளியாக இருந்தவர். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பழைய புண். ஓரம் வெளிர் மஞ்சளாகத் தடித்திருந்தது. கல்லை எடுத்து நான் தொட்டதும் தொடாததுமாகத் தேய்த்தேன். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கண்ணு, பயந்து பயந்து தேய்ச்சா ஒண்ணும் போகாது. எனக்கு வலிக்காது. அதானே எனக்கு வியாதியே" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு மருத்துவ வரலாறே இருக்கிறது. தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு செத்து வலி போய்விடுவதால் சூடும் முள்ளும் செருப்புக்கடியும் தெரியாமல், காயத்தின் மேல் காயம் பட்டுத் தேய்ந்து போகின்றன. இதை வேலூர் சி.எம்.சி.யில் ஆராய்ந்து நிலைநாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். தூங்கி எழுந்தால் நோயாளிகளின் விரல் நுனி காணாமல் போயிருக்கும் மர்மத்துக்கு அவர் கண்ட காரணம், இரவில் எலி கடிப்பது. கடித்தால் விழித்துக்கொள்ள வலி இல்லை. அதனால் வீடு திரும்புகிற நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பி வைத்தார்களாம். நற்கிரியை என்றதும் மேடையும் சால்வையும் ஞாபகம் வருகிறவர்கள் இந்தப் பூனையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். அந்த நோயாளிக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது அதுதான்.

பிராண்டின் அப்பா ஜெஸ்ஸி ஒரு மிஷனரி, 1929-ல் கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்தார். அம்மா ஈவ்லின் இந்த மலைகளைக் கைவிடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைமக்களோடு தங்கி, கல்ராயன் முதலான பக்கத்து மலைகளுக்கும் குதிரையில் ஏறிப் போய் மருந்து கொடுத்தார். 1974-ல், 95 வயதில் மறைந்தார். பக்கத்திலேயே இருக்கிற நாங்கள் இவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது எனக்கு ஒரு குறை. லெக்லர் ஐயர் பெயரிலாவது ஓர் ஆலயம் இருக்கிறது. ஆனால் அந்த லண்டன் மிஷன் போதகர் சேலத்துப் பையன்களுக்குத் தொழிற்பள்ளி வைத்துக் கைத்தொழில் கற்றுக்கொடுத்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தொற்றைப் பற்றிய கேள்வியை எங்கள் ஆள் சிஸ்டரிடமே கேட்டுவிட்டார். அவர் கோபிக்கவில்லை. இங்கே இருப்பவர்கள் எப்போதோ குணமானவர்கள். கிருமி போய்விட்டது, ஊனம்தான் மிச்சம். 1982-ல் வந்த கூட்டு மருந்தை ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ, நோயின் வகையைப் பொறுத்து, ஒழுங்காகச் சாப்பிட்டால் குணம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். உணர்ச்சியில்லாத தேமல் தெரிந்தால் வெட்கப்படாமல் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். "மாத்திரை கொடுக்க அரசாங்கம் இருக்கு. கூட உட்கார்ந்து காலைக் கழுவத்தான் ஆள் இல்லை" என்றார்.

நாங்கள் இரண்டு பெட்டி மைசூர்பாகு கொண்டுபோயிருந்தோம். சிஸ்டர் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி.

கிளம்பும் நேரத்தில் தாத்தா ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், நான்காக மடித்த ஒரு மனு. மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியம் அவர் கணக்கில் ஏறுகிறது; எடுக்க முடியவில்லை. பணம் கொடுக்கிற இடத்தில் கைவிரலை வைக்கச் சொல்கிறார்கள். மழுங்கிய விரலில் ரேகை எங்கே இருக்கிறது? "மூணு தடவை வெச்சுப் பார்த்துட்டு, அடுத்த வாரம் வாங்கன்னுட்டாங்க. அடுத்த வாரம் மட்டும் ரேகை முளைச்சுடுமா சாமி?" என்று சிரித்தார். எங்கள் குழுவில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் இருந்தார். அதுவரை ஓரமாக நின்றவர், கவரை வாங்கி ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் படித்தார். விரல் ரேகை இல்லாதவர்களுக்குக் கருவிழியைப் பதிவு செய்யலாம். அதுவும் முடியாவிட்டால் விதிவிலக்காகவும் பதிவு செய்ய ஆதாரில் இடம் உண்டு. அதைச் சொல்லி, கேட்டு, நின்று வாங்க ஆள் வேண்டும். "செவ்வாய்க்கிழமை நான் ஆட்டோ எடுத்துட்டு வர்றேன். நீங்க கண்ணாடி போட்டுட்டு ரெடியா இருங்க" என்றார். தாத்தாவைப் போல இன்னும் இரண்டு பேர் கவரை எடுத்து வர உள்ளே போனார்கள்.

வேன் கோரிமேடு தாண்டும்போது பகல் பன்னிரண்டுக்கு மேல். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். கீழே மாக்னசைட் சுரங்கத்தின் வெள்ளைத் திட்டுகள் வளைவுக்கு வளைவு சின்னதாகிக்கொண்டே வந்தன. வழக்கமாக இந்த நேரத்தில் ஞானப்பாட்டும் கைதட்டலும் தூள் பறக்கும். அன்றைக்கு எல்லோரும் ஆதாரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். முந்தின வாரம் மழை பெய்திருந்ததால் மேலே எஸ்டேட்டுகளில் காப்பி பூத்திருந்தது. சில்வர் ஓக் நிழலில் கிளை நெடுக வெள்ளை. மல்லிகையைத் தூக்கிச் சாப்பிடுகிற வாசனை. காப்பியை 1820-களில் இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன். பூ இருப்பது சில நாள்தான். அந்த நாட்களில் ஏற்காடு பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஹோலி டிரினிட்டி சின்ன ஆலயம். வளாகத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் இருக்கிறது. 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து இந்தியாவின் கற்காலத்தை உலகுக்குக் காட்டிய நிலவியலாளர். அவருடைய மாமனார் பெர்சிவல் ஐயர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைக் கூட வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கியவர். அவரும் 1882-ல் ஏற்காட்டில்தான் இறந்தார். ஒரு சைவரும் ஒரு மெதடிஸ்டும் உட்கார்ந்து வரிவரியாக உழைத்திருக்கிறார்கள் என்பதை அங்கே நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஆராதனையில் பரிந்துரை ஜெபம் வந்தது. ஒவ்வொரு வருடமும் "வியாதியஸ்தரையும் முதியோரையும் நினைத்தருளும்" என்று ஒரே வரியில் கடந்துபோகிற இடம். இந்த முறை வாத்தியார் அண்ணன் தானாக எழுந்தார். தாத்தாவின் பெயரைச் சொன்னார். இடது குதிகாலில் இருக்கும் புண் ஆற வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை கருவிழிக் கருவி பழுதாகாமல் வேலை செய்ய வேண்டும், சர்வர் கிடைக்க வேண்டும் என்றார். பின்வரிசையில் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். அவர் கண்ணைத் திறக்காமல், தபால் அக்காவுக்கு அன்றைக்கு முழங்கால் வலி வராமல் இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டு முடித்தார். இத்தனை விவரமான ஜெபத்தை எங்கள் சபையில் நான் கேட்டதில்லை. காலையில் ஒருவர் காலைப் பிடித்திருந்தால்தான் இப்படி ஜெபிக்க வரும் போலிருக்கிறது. யாக்கோபும் லூத்தரும் எந்த இடத்தில் கைகுலுக்குவார்கள் என்று கேட்டால், அந்தப் பெஞ்சைத்தான் காட்டுவேன்.

தயிர்சாதம் சாப்பிடும்போது மணி மூன்று. படகுத்துறைக்குப் போக நேரமில்லை என்று பிள்ளைகளுக்கு வருத்தம்.

இதைப் படித்துவிட்டு இப்படி ஓர் இல்லத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு, சிஸ்டர் எங்களிடம் சொல்லி அனுப்பியதை அப்படியே எழுதிவிடுகிறேன். போன் செய்துவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் வேண்டாம். அன்றைக்கு எல்லோரும் வருகிறார்கள், புதன்கிழமைதான் யாரும் வருவதில்லை. இனிப்புக்குப் பதில் தேங்காய் எண்ணெய். துவைத்த பழைய பருத்தி வேட்டி, சேலை இருந்தால் கட்டுத்துணிக்கு ஆகும். பணமாகக் கொடுப்பதென்றால் எம்.சி.ஆர். செருப்புக்கு என்று சொல்லிக் கொடுங்கள். மெத்தென்ற ரப்பர் அடி, ஆணி அடிக்காமல் ஒட்டியது, குதிகாலுக்குப் பின்னால் வார் வைத்தது. வார் இல்லாவிட்டால் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே நடந்துவிடுவார்கள். கால் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் கடையில் மொத்தமாக வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.