லாக் ஃபைலுக்கு எத்தனை நாள் ஆயுள்?

சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று யாரும் வந்து சொல்வதில்லை. அக்கவுண்ட்ஸிலிருந்து போன் வரும்: "சார், பில் சேவ் ஆகாம சுத்திக்கிட்டே இருக்கு." இன்னொருவர், பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் லாகின் பக்கத்துக்கே திரும்ப வருகிறது என்பார். மூன்றாமவருக்கு மெயில் போகாது. மூன்று தனித்தனிக் கோளாறு மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். வெப் பக்கங்களை ஓட்டும் பிஎச்பிக்கு செஷன் ஃபைல் எழுத இடமில்லை, அதனால் உள்ளே வந்தவரை அடுத்த பக்கத்திலேயே மறந்துவிடுகிறது. டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் இடம் தீர்ந்தவுடன் பிழை காட்டி விழுந்துவிடாது. நிமிடத்துக்கு ஒருமுறை இடம் வந்ததா என்று பார்த்தபடி காத்திருக்கும். பில் 'சுற்றிக்கொண்டே' இருப்பது அதனால்தான். இடத்தை விழுங்கியது பெரும்பாலும் லாக், அதாவது ஒவ்வொரு மென்பொருளும் தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும் ஃபைல்.

கோவையில் ஒரு நடுத்தர நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரும்பாலும் அலுவலகத்துக்குள்ளேயே ஓடும் இயந்திரங்கள். ஃபைல் பகிர நெக்ஸ்ட்கிளவுட், கோடு வைக்க ஒரு கிட் சர்வர், பில்லிங், சில உள் மென்பொருள்கள். லாக்கை எப்படிச் சுழற்றுவது (பழையதை ஒதுக்கிப் புதிய ஃபைலைத் தொடங்கி, நாள்பட்டதை அழிப்பது) என்பதை அரை நாள் உட்கார்ந்தால் படித்துவிடலாம். எந்த லாக்கை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சிரமமான கேள்வி. நான் பார்த்தவரை அதை யாரும் கேட்பதில்லை, இன்ஸ்டால் செய்தபோது என்ன எண் வந்ததோ அதுவே ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் எளிதான பாதி. "அண்ணா, அவ்வளவு பெரிய லாக்கை அழிச்சுட்டேன், ஆனா இடம் வரவே இல்லை." புதிதாகச் சேரும் பையன்கள் எல்லோரும் ஏதோ ஒரு நாள் இப்படி வந்து நிற்பார்கள். டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று சொல்லும் டிஎஃப் கமாண்ட் நூறு சதவீதம் என்று காட்டும், ஃபைல்களின் அளவை டியூ கமாண்ட் வைத்துக் கூட்டினால் பாதிகூட வராது. லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. அழிக்கும் ஆர்எம் கமாண்ட் எடுப்பது பெயரை மட்டும்தான். வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் குடியிருப்பவர் காலி செய்துவிடுவாரா? ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்) அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் அப்படியேதான் இருக்கும், அது தொடர்ந்து எழுதிக்கொண்டும் இருக்கும். எல்எஸ்ஓஎஃப் கமாண்டுக்கு 'பிளஸ் எல்1' கொடுத்தால் பெயர் போயும் திறந்திருக்கிற ஃபைல்கள் வரிசையாக வந்துவிடும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும். பகலில் நிறுத்த முடியாத சர்வீஸ் என்றால், பிராக் ஃபோல்டருக்குள் அந்தப் புராசஸின் எண்ணைத் தேடிப்போய், திறந்திருக்கும் ஃபைலையே பூஜ்யமாக்கலாம். அழிக்காமல் முதலிலேயே ட்ரங்கேட் செய்திருந்தால் (உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்திருந்தால்) இந்தச் சுற்றே தேவையில்லை.

இந்த ஒன்று புரிந்துவிட்டால் லாக்கைச் சுழற்றும் லாக்ரொடேட் முழுவதும் புரிந்த மாதிரி. ரெட் ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனத்தில் 1990களில் எழுதப்பட்ட சின்ன மென்பொருள் அது, இன்றும் கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. அது செய்வது மூன்று வேலை: பழைய ஃபைலுக்குப் பெயர் மாற்றும், அதே இடத்தில் புதிய ஃபைலை உண்டாக்கும், பிறகு எழுதிக்கொண்டிருக்கும் புராசஸிடம் "புதியதைத் திற" என்று சொல்லும். இந்த மூன்றாவதைத்தான் நாமே ஒரு கான்ஃபிக் (அமைப்பு ஃபைல்) எழுதும்போது விட்டுவிடுகிறோம். வெப் சர்வரான என்ஜின்எக்ஸுக்கு யூஎஸ்ஆர்1 என்ற சிக்னல் போனால்தான் அது லாக்கை மறுபடி திறக்கும். சிக்னல் போகாவிட்டால், பெயர் மாறிய நேற்றைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும், புதியது காலியாகக் கிடக்கும். 'டிலேகம்ப்ரெஸ்' என்ற ஆப்ஷன் இருப்பதும் இதே காரணத்துக்குத்தான். பழைய ஃபைலில் கடைசி வரிகளை யாராவது இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம், அதனால் சுருக்குவதை அடுத்த சுற்றுக்குத் தள்ளிவைக்கிறது.

சிக்னல் எல்லாம் தெரியாத மென்பொருளுக்கு 'காப்பிட்ரங்கேட்' என்ற வழி உண்டு. ஃபைலைப் பிரதி எடுத்துவிட்டு மூலத்தைப் பூஜ்யமாக்கும். பிரதி எடுத்து முடிவதற்கும் பூஜ்யமாக்குவதற்கும் இடையில் வரும் வரிகள் தொலைந்துபோகும், அது எல்லோருக்கும் தெரிந்த குறை. இன்னொரு வேடிக்கை உண்டு. மென்பொருள் ஃபைலை அப்பெண்ட் (எப்போதும் கடைசியில் சேர்க்கும்) முறையில் திறக்கவில்லை என்றால், பூஜ்யமாக்கிய பிறகும் தான் விட்ட இடத்திலிருந்தே எழுதும். ஐந்து ஜிபி தாண்டி எழுதிக்கொண்டிருந்தது என்றால், முதல் ஐந்து ஜிபி வெற்றுப் பைட்டுகள், அதற்கப்புறம் புதிய வரி. டிஸ்க்கில் இடம் பிடிக்காது, ஆனால் எல்எஸ் கமாண்டில் பார்த்தால் ஃபைல் சுருங்கவே இல்லை என்று தோன்றும். கிரெப் போட்டு வரி தேடினால் 'பைனரி ஃபைல்' என்று திட்டும். வேறு வழியே இல்லை என்றால் மட்டும்தான் நான் அதைத் தொடுவேன்.

மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் வந்த பிறகு இந்தக் கதை வேறு இடத்துக்கு மாறிவிட்டது. லாக் என்றால் /வார்/லாக் ஃபோல்டர் என்று பழகியவர்கள் அங்கேயே தேடிக்கொண்டிருப்பார்கள். கன்டெய்னர் திரையில் எழுதுவதெல்லாம் /வார்/லிப்/டாக்கருக்குள் ஜேசன் ஃபைலாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். இயல்பு அமைப்பில் அதற்கு உச்சவரம்பே கிடையாது. டாக்கரின் டீமன் கான்ஃபிகில் மேக்ஸ்-சைஸ், மேக்ஸ்-ஃபைல் இரண்டும் போட வேண்டும், அல்லது 'லோக்கல்' என்ற லாக் டிரைவருக்கு மாற வேண்டும். லோக்கல் டிரைவர் தானே சுழற்றிக்கொள்ளும், ஒரு கன்டெய்னருக்கு 20 எம்பி வீதம் ஐந்து ஃபைல். போட்டுவிட்டு நிம்மதியாகப் போகக் கூடாது. அந்த அமைப்பு இனிமேல் உருவாக்கும் கன்டெய்னர்களுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே ஓடுவதை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை, நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும்.

லினக்ஸில் சர்வீஸ்கள் எழுதுவதைச் சேர்த்து வைக்கும் ஜர்னல்டி இதற்கு நேரெதிர், ரொம்பக் கட்டுப்பாடானது. ஃபைல் சிஸ்டத்தில் பத்து சதவீதம், அதிகபட்சம் நான்கு ஜிபி. அதற்கு மேல் தானாகவே பழையதைக் கழித்துவிடும். டிஸ்க்கைக் காப்பாற்ற இது நல்லதுதான். ஆனால் இங்கே அளவுக்குத்தான் வரம்பு, நாளுக்கு இல்லை. ஒரு சர்வீஸ் வாய் ஓயாமல் புலம்ப ஆரம்பித்தால், அமைதியாக இருக்கும் மற்ற சர்வீஸ்களின் பழைய வரிகளையும் சேர்த்துத் தள்ளிவிடும். போன மாதம் எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து சர்வருக்குள் வரும் வழி) யார் வந்தார்கள் என்று பார்க்கப் போனால் ஜர்னல் நான்கு நாளில் முடிந்துவிடுகிறது. காரணம் எஸ்எஸ்எச்சே இல்லை, எங்கேயோ பிரிண்டர் கிடைக்கவில்லை என்று விநாடிக்கொருமுறை எழுதும் ஒரு சர்வீஸ்.

அதனால் டிஸ்க் நிரம்பினால் சுழற்சியைக் குறைப்பதற்கு முன் யார் கத்துகிறார்கள் என்றுதான் பார்ப்பேன். பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்தான் மொத்த அளவில் பெரும் பங்கை எழுதிக்கொண்டிருப்பார். ஏதோ பிரச்சினையைத் தேட லாக்கை டீபக் (எல்லாவற்றையும் எழுதும்) அளவுக்கு ஏற்றி, பிரச்சினை தீர்ந்தும் இறக்காமல் விட்டது. பிஎச்பி பதிப்பை உயர்த்தியதும் ஒவ்வொரு பக்கத்துக்கும் டஜன் கணக்கில் வரும் 'டெப்ரிகேட்டட்' (இது வழக்கொழியப் போகிறது) எச்சரிக்கை. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று சில விநாடிக்கொருமுறை தட்டிப் பார்க்கும் கண்காணிப்பு மென்பொருள், அது தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் ஆக்ஸஸ் லாக்கில் ஒரு வரி. அந்த ஒரு முகவரிக்கு மட்டும் லாக்கை நிறுத்தினாலே ஃபைல் பாதியாகும். பிடெம்ப் ஃபைல் தனி ரகம். தோற்றுப்போன லாகின்களின் பதிவு அது. இணையத்துக்குத் திறந்திருக்கும் எந்த எஸ்எஸ்எச் போர்ட்டையும் உலகம் முழுவதிலிருந்தும் பாட்கள் இடித்துக்கொண்டே இருக்கும், அது பெருத்துக்கொண்டே போகும். அங்கே மருந்து சுழற்சி இல்லை. வெளி உலகத்துக்கு அந்த போர்ட்டை மூடிவிட்டு விபிஎன் வழியாக மட்டும் வரச் செய்வதுதான்.

பெயரில் 'லாக்' இருப்பதாலேயே அழிக்கக் கூடாததும் உண்டு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் முன்பு 'பிஜி எக்ஸ்லாக்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. டேட்டாபேஸ் உயிரோடு எழுந்து வர அதுதான் ஆதாரம். லாக்தானே என்று நினைத்து அழித்துவிட்டு டேட்டாபேஸையே இழந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். 2017இல் வந்த பத்தாவது பதிப்பில் அதன் பெயரையே 'பிஜி வால்' என்று மாற்றிவிட்டார்கள். டேட்டாவில் நடந்த மாற்றங்களைப் பதியும் மைஎஸ்க்யூஎல்லின் பைனரி லாக்கும் அதே வகை. எட்டாவது பதிப்பில் அது இயல்பாகவே ஓடும், 30 நாள் வைத்திருக்கும். அவ்வளவு வேண்டாம் என்றால் மைஎஸ்க்யூஎல்லுக்கு உள்ளேயிருந்து கழிக்கச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து ஆர்எம் போடக் கூடாது.

சரி, எத்தனை நாள்? டெபியன் லினக்ஸில் என்ஜின்எக்ஸோடு வரும் கான்ஃபிக் 14 நாள் வைக்கிறது. சிஸ்டத்தின் பொது லாக்கை எழுதும் ஆர்சிஸ்லாக் நான்கு வாரம். இந்த எண்களை நம் அலுவலகத்தைப் பார்த்து யாரும் போடவில்லை. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, இந்தியாவில் உள்ள நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆக, எதையும் தொடாமல் விட்ட சர்வர் இரண்டே வாரத்தில் அந்த உத்தரவுக்கு வெளியே போய்விடுகிறது. இடம் போதாது என்று பயப்படத் தேவையில்லை. லாக் வரிகள் ஒன்றையொன்று அச்சில் வார்த்த மாதிரி இருப்பதால் ஜிஜிப் வைத்துச் சுருக்கினால் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 2021 டிசம்பரில் ஜாவா மென்பொருள்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜேயின் ஓட்டை வெளியே தெரிந்தபோது, திருத்தம் போட்ட கையோடு எல்லா நிறுவனத்திலும் வந்த அடுத்த கேள்வி, "இதுக்கு முன்னாடியே யாராவது நம்ம சர்வர்ல இதை முயற்சி பண்ணிட்டாங்களா?" என்பதுதான். பழைய ஆக்ஸஸ் லாக் இருந்தவர்கள் சுருக்கிய ஃபைலுக்குள்ளும் தேடும் இசட்கிரெப் போட்டுப் பார்த்தார்கள். இல்லாதவர்கள் இல்லை என்று நம்பிக்கொண்டார்கள். இன்னொன்று, உள்ளே புகுந்தவன் முதலில் துடைப்பது லாக்கைத்தான். அதே இயந்திரத்தில் 180 நாள் வைத்து அவனிடமே கொடுப்பதில் அர்த்தமில்லை. எங்களிடம் ஆர்சிஸ்லாக் வழியாக ஒரு பிரதி உடனுக்குடன் வேறொரு சின்ன இயந்திரத்துக்குப் போய்விடும். அதில் லாகின் உள்ளவர்கள் மிகக் குறைவு.

எல்லாவற்றையும் நீண்ட நாள் வைப்பதும் ஆபத்துதான். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. ஒரு பிழையால் பாஸ்வேர்டுகள் மறைக்கப்படுவதற்கு முன்பே உள் லாக்கில் அப்படியே பதிவாகிவிட்டிருந்தன. அவ்வளவு பெரிய இடத்திலேயே நடந்தது என்றால், நம் பில்லிங் மென்பொருளின் டீபக் லாக்கில் வாடிக்கையாளரின் போன் எண்ணும் ஓடிபியும் கிடக்காது என்று எப்படிச் சொல்வது? அதனால் நான் பிரித்து வைத்திருக்கிறேன். யார் எப்போது எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் லாக்குகளுக்கு முழு 180 நாள். மென்பொருளின் பிழை லாக் ஒரு மாதம், ஏனென்றால் வாடிக்கையாளர் புகார் அதற்குள் வந்துவிடும். டீபக் ஏற்றினால் அது தனி ஃபைலுக்குப் போகும், மூன்று நாளில் தானாகப் போய்விடும். இதை மேனேஜர் மேஜையில் வைத்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "இதுக்கு எவ்வளவு செலவாகும்?" செலவு எதுவும் இல்லை என்றதும் கையெழுத்து போட்டுவிட்டார்.

வைத்திருப்பதோடு தேடவும் தெரிய வேண்டும். லாக்ரொடேட்டில் 'டேட்எக்ஸ்ட்' போட்டால் ஃபைல் பெயரில் வருவது சுழற்றிய தேதி. நள்ளிரவில் சுழன்றால் 15ஆம் தேதி என்ற ஃபைலில் இருப்பது 14ஆம் தேதியின் வரிகள். பழைய டெபியனில் சுழற்சி காலை 6.25க்கு குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் வழியாக நடக்கும், அதனால் ஒரே நாள் இரண்டு ஃபைலில் பிரிந்திருக்கும். அதோடு கன்டெய்னர்கள் பெரும்பாலும் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் யூடிசி நேரத்தில் எழுதும். காலை பத்து மணிக்கு நடந்ததாகச் சொன்ன புகாரை நாலரை மணியில் தேட வேண்டும். பையன்கள் "ஒண்ணும் இல்லைண்ணா" என்று வந்து நின்றால் நான் முதலில் கேட்பது எந்தக் கடிகாரத்தில் பார்த்தாய் என்பதுதான்.

இவை எதற்கும் அடங்காத ஒரு மென்பொருள் எங்களிடம் இருக்கிறது. ஒரு வெண்டரிடம் வாங்கியது. தன் ஃபோல்டருக்குள்ளேயே தேதி போட்டு நாளுக்கொரு ஃபைல் உண்டாக்கும், ஒன்றையும் அழிக்காது. பெயர் தினமும் மாறுவதால் லாக்ரொடேட்டுக்கும் அது பொருந்தாது. ஃபைண்ட் கமாண்டை வைத்துப் பழையதைக் கழிக்கலாம் என்றால், லாக் ஃபோல்டரில் கை வைத்தால் சப்போர்ட் கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அவர்களிடம் கேட்டால் வந்த பதில், "டிஸ்க் சைஸைக் கூட்டிக்கோங்க சார்." அதனால் அந்த ஃபோல்டரை மட்டும் தனிப் பார்ட்டிஷனில் போட்டு, எண்பது சதவீதம் தாண்டினால் அலர்ட் மெயில் நேரே வெண்டரின் சப்போர்ட் முகவரிக்குப் போகிற மாதிரி வைத்திருக்கிறேன். நிரம்பினால் அந்த மென்பொருள் மட்டும் நிற்கும், பில்லிங் ஓடிக்கொண்டிருக்கும்.