கோல்ட் பிரைடை யாருக்கு நினைவிருக்கிறது?

எஃப்சி கோல்ட் பிரைட் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவிலேயே இப்போது பலருக்குத் தெரிவதில்லை. 2010இல் என்னைப் பொறுத்தவரை உலகத்திலேயே அழகாக ஆடிய பெண்கள் கால்பந்து அணி அதுதான். ஆடியது எங்கள் ஹேவர்டில், கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஈஸ்ட் பே வளாகத்தின் பயனியர் ஸ்டேடியத்தில். சுமார் ஐயாயிரம் பேர் உட்காரலாம். மலைமேல் இருப்பதால் சாயங்காலம் காற்று பிய்த்துக்கொண்டு போகும். பிரேசில் நட்சத்திரம் மார்த்தா பந்தை இடது காலில் வாங்கித் திரும்பும்போது எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கத்திக் கூப்பிடுவது எங்கள் இருக்கை வரை கேட்கும். அவ்வளவு கிட்டே.

இரண்டே சீசன்தான் அந்த அணிக்கு வாய்த்தது. டபிள்யூபிஎஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக் 2009இல் ஏழு அணிகளோடு தொடங்கியபோது நம்முடையது கடைசி இடத்தில் முடித்தது. கனடாவின் கிறிஸ்டின் சிங்க்ளேர் இருந்தும் அப்படி. 1999 உலகக் கோப்பையைத் தன் பெனால்டியால் வென்று கொடுத்த பிராண்டி சாஸ்டைனும் அந்த வருஷம் ஆடினார். சான் ஹோசேயில் வளர்ந்தவர், நாற்பது வயதில் சொந்த மண்ணில் ஆடினார். அதைப் பார்த்ததே எனக்குப் பெரிய விஷயம்.

மறு வருஷம் எல்லாம் தலைகீழானது. லாஸ் ஏஞ்சலிஸ் சோல், 2009 லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணி, 2010 ஜனவரியில் மூடப்பட்டது. அதன் வீராங்கனைகளை மற்ற அணிகள் எடுத்துக்கொண்டபோது மார்த்தா இங்கே வந்தார். ஸ்டான்ஃபோர்டில் படிப்பை முடித்த கெல்லி ஓஹாராவும் அலி ரைலியும் வந்தார்கள். பயிற்சியாளர் ஆல்பர்ட்டின் மொன்டோயா பந்தைத் தரையோடு வைத்து, அவசரப்படாமல் ஆடச் சொன்னவர். மார்த்தா அந்த சீசனில் 19 கோல் அடித்தார். அணி முதலிடம் பிடித்தது. செப்டம்பர் 26 அன்று அதே மலைமேல் நடந்த இறுதிப்போட்டியில் ஃபிலடெல்ஃபியா இண்டிபெண்டன்ஸை 4-0 என்று நொறுக்கியது. சிங்க்ளேருக்கு அதில் இரண்டு கோல். அன்று நான் தொண்டை கட்டும் வரை கத்தினேன்.

நவம்பரில் அணியை மூடிவிட்டார்கள்.

உரிமையாளர்களான நெஸ்மித் தம்பதியை நான் குறை சொல்ல மாட்டேன். இழப்பைத் தாங்க அவர்களுக்குக் கூட்டாளிகள் தேவைப்பட்டார்கள், கிடைக்கவில்லை. முதல் வருஷம் சான்டா கிளாராவின் பக் ஷா ஸ்டேடியம், அப்புறம் காஸ்ட்ரோ வேலியில் ஓர் உயர்நிலைப் பள்ளி மைதானம், அப்புறம் ஹேவர்டு என்று அணி இடம் மாறிக்கொண்டே இருந்தது. தனக்கென்று ஒரு மைதானம் இல்லாத அணிக்கு நிலையான கூட்டம் எப்படிச் சேரும்? மார்த்தாவின் சம்பளமோ ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டாலர் என்று அப்போதே செய்திகளில் வந்தது. ஐயாயிரம் இருக்கைகளை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை யாராலும் நேர்செய்ய முடியாது.

எனக்கு ஆறாதது ஷானன் பாக்ஸின் கதை. சோல் மூடியதும் செயின்ட் லூயிஸ் அத்லெட்டிகாவுக்குப் போனார். அந்த அணியும் மே மாதம், சீசன் நடுவிலேயே கலைந்தது. அங்கிருந்து கோல்ட் பிரைட். ஒரே வருஷத்துக்குள் மூன்று அணிகள் அவர் காலடியில் சரிந்தன. 2011இல் ஃபுளோரிடாவின் மேஜிக்ஜாக்கில் சேர்ந்தார். அந்த அணியின் உரிமத்தை லீக்கே ரத்து செய்தது. உலகத் தரத்தில் நடுக்களம் ஆடிய ஒருத்தர், ஒவ்வொரு முறையும் வேறு ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியிருந்தது. இவர்களைப் பார்த்து யாராவது "பெண்கள் கால்பந்துக்குத் தரம் போதாது" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். தரம் குறையவே இல்லை. பொறுத்திருக்கும் பணம்தான் இல்லை. 2012இல் லீக்கே மூடப்பட்டது.

2024இல் சான் ஹோசேயின் பேபால் பார்க்கில் பே எஃப்சி என்ற புதிய பெண்கள் அணி ஆட வந்தது. இப்போதைய பெண்கள் லீக்கான என்டபிள்யூஎஸ்எல்லில் சேர அது கட்டியதாகச் சொல்லப்பட்ட தொகை 5.3 கோடி டாலர். நிறுவனர்களில் சாஸ்டைனும், 2009இல் கோல்ட் பிரைடுக்கு ஆடிய லெஸ்லி ஆஸ்போர்னும் இருக்கிறார்கள். முதல் பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே மொன்டோயா. அதனால் அவர்களிடம் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்: 2010 அணியின் பெண்களை ஒரு நாள் அழைத்து, ஆட்டத்துக்கு முன் மைதானத்தின் நடுவில் நிறுத்தி, ஒவ்வொரு பெயராக ஒலிபெருக்கியில் வாசியுங்கள். நான் குடும்பத்தோடு வந்து கத்துகிறேன்.