கினபாலு நாட்குறிப்பு

பிப்ரவரி 8, தோ பாயோ

சிங்கப்பூரின் மிக உயர்ந்த குன்று புக்கிட் தீமா, 163 மீட்டர். அதில் பழகிவிட்டு மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் 4,095 மீட்டர் கினபாலு மலையில் ஏறப் போகிறோம் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். வார இறுதியில் அங்கே தேர்த்திருவிழாக் கூட்டம் வேறு. அதனால் இன்று நாற்பது மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் படிக்கட்டு. ஆளுக்கு ஐந்து கிலோ பொன்னி அரிசி முதுகில். பாதி வழியில் ஒரு பாட்டி கதவைத் திறந்து, "மின்தூக்கி பழுதா?" என்று பதறினார். மலையேறப் பயிற்சி என்றோம். "மலை அங்கே இருக்க, இங்கே ஏன் ஏறுகிறீர்கள்?" கூட ஏறிய பிடோக் அண்ணனிடமே பதில் இல்லை. இறங்குவதற்கு மின்தூக்கி.

மார்ச் 1

முஸ்தபா கடையில் கையுறை, தலைவிளக்கு, இஞ்சி மிட்டாய். முறுக்கு பாக்கெட் வேண்டுமா என்று அண்ணனும் எங்களோடு மலைக்கு வரும் கிளமெண்டி அக்காவும் அரைமணி நேரம் வாதாடினார்கள். சுமைதூக்குபவருக்குக் கிலோக் கணக்கில் கூலி என்றதும் முறுக்கு தோற்றது.

இரவு அம்மா நிலநடுக்கத்தைப் பற்றிக் கேட்டார். 2015 ஜூன் 5 அன்று அந்த மலையில் இறந்த 18 பேரில் நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இருந்தார்கள். சிங்கப்பூரில் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்த நாளை அம்மா மறக்கவில்லை. சமாதானம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. தினமும் போன் செய்வதாக மட்டும் சொன்னேன்.

மார்ச் 13

கோத்தா கினபாலுவுக்கு விமானம், பிறகு வேனில் மலையடிவாரத்துக் கினபாலு பூங்கா. குளிர். சீக்கிரம் படுத்துவிட்டோம்.

மார்ச் 14, பனாலாபான்

ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. எங்களுக்கு வாய்த்தவர் டூசுன் இனத்துப் பெரியவர், பேச்சே குறைவு. நாங்கள் வேகமெடுத்தால் "பெலான், பெலான்" (மெதுவாக, மெதுவாக) என்பார், அவ்வளவுதான். சமையல் எரிவாயு உருளையைத் தலைப்பட்டையில் மாட்டிய ஒருவர், மூச்சு வாங்காமல் எங்களைக் கடந்து போனார். அரிசிப் பையோடு பயிற்சி எடுத்த பெருமை அங்கேயே போயிற்று.

ஆறு கிலோமீட்டர் படிகள், நடுவே மழை. இரவு தங்கும் பனாலாபானில், 3,272 மீட்டர் உயர விடுதியில் அக்காவுக்குத் தலைவலி. மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜன் பங்கு அதே 21 விழுக்காடுதான், குறைவது அழுத்தம். உச்சியில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு. எந்த புளோக் படிக்கட்டிலும் இதைப் பழக முடியாது. அக்கா சூப்பைத் தொடவே இல்லை.

மார்ச் 15

அதிகாலை இரண்டரைக்குக் கிளம்பினோம். ஈரக் கருங்கல் சரிவு, கையில் தடித்த வெள்ளைக் கயிறு, விளக்கு வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும். சயாட்-சயாட் சோதனைச் சாவடியில் (3,668 மீட்டர்) அக்கா வாந்தி எடுத்தார். வழிகாட்டி அவர் கண்ணைப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார், "துரூன்" என்றார். கீழே இறங்கு என்று பொருள். அண்ணன் கெஞ்சினார்: "இன்னும் கொஞ்ச தூரம்தானே?" அக்காவே அவரை அடக்கினார்: "சும்மா இருங்கள் அண்ணா, எனக்குத் தலை சுற்றுகிறது." துணை வழிகாட்டியோடு இறங்கிவிட்டார். அன்று மலையில் எடுத்த முடிவுகளில் அதுதான் சரியானது. அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

மலையின் உச்சியான லோ சிகரத்தில் சூரியன் வந்தது. பெயர்ப்பலகையோடு படமெடுக்க வரிசை; பக்கத்தில் அடிகாணாத பள்ளம். விரல் விறைத்து போன் பொத்தானே அழுந்தவில்லை.

இறக்கம்தான் கொடுமை. ஒவ்வொரு படியிலும் முழங்கால் கெஞ்சியது. கடைசி இரண்டு கிலோமீட்டரை அண்ணன் பக்கவாட்டில் நண்டு நடை நடந்தே முடித்தார்.

மார்ச் 16, கோத்தா கினபாலு

அக்கா தெளிந்துவிட்டார், முழு மீனை ஒற்றையாளாகக் காலி செய்தார். 1851இல் ஏறிய ஹியூ லோ மிக உயர்ந்த முனையைத் தொடவே இல்லை, ஆனாலும் சிகரம் அவர் பெயரில்தான் இருக்கிறது என்றேன்.

"அப்படியானால் சயாட்-சயாட்டுக்கு என் பெயரை வைக்கச் சொல், தம்பி" என்றார்.

அடுத்தது இந்தோனேசியாவின் ரிஞ்சானி மலையா என்று பேச்சு. அண்ணன் முழங்காலில் தைலம் தேய்த்தபடி தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா தெரியவில்லை.