ரயில் சத்தத்தை இசையாக்கிய ஷேஃபர்

பியேர் ஷேஃபர் பிரெஞ்சு வானொலியில் வேலை பார்த்த இன்ஜினியர். 1948-இல் பாரிஸின் பத்திஞோல் நிலையத்தில் இன்ஜின் விசிலையும் பெட்டிகள் தடதடப்பதையும் பதிவு செய்து, சுமார் மூன்று நிமிட இசையாக்கினார். அக்டோபரில் அது வானொலியில் ஒலிபரப்பானது.

அப்போது அவர் கையில் டேப் கிடையாது, இசைத்தட்டுதான். தட்டில் ஊசி ஓடும் வரிப்பள்ளம் சுருளாக உள்ளே போகாமல், ஒரே வட்டமாகத் தன்னோடு சேரும்படி செய்துவிட்டார். ஊசி அங்கேயே சுற்றும். அதே சத்தம் திரும்பத் திரும்ப வரும். இன்றைக்கு சினிமாப் பாட்டில் கேட்கும் லூப்புக்கு முன்னோடி அது.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது மணிச் சோதனை. மணியில் அடி விழும் முதல் 'டங்'கை நீக்கிவிட்டு, மிச்ச ரீங்காரத்தை மட்டும் ஒலிக்கவிட்டார். அது மணியாகவே கேட்கவில்லை! ஒரு சத்தத்தை நாம் அடையாளம் காண்பதே பெரும்பாலும் அதன் தொடக்கத்தை வைத்துத்தான்.

வேலூர் சத்துவாச்சாரியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். சரி, நாமும் பார்ப்போம் என்று எங்கள் தெருக் கோயில் மணியைப் போனில் பதிவு செய்து, சிஸ்டத்தில் ஏற்றி, முதல் அடியை வெட்டினேன். ஹாலில் இருந்த அண்ணி, "யாரு தம்பி புல்லாங்குழல் வாசிக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அடுத்து காட்பாடி ஜங்ஷன். சரக்கு வண்டி கிளம்பும்போது கொக்கிகள் ஒவ்வொன்றாக இழுபட்டு, முன்னாலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரு சத்தம் ஓடுமே, அதைப் பிடிக்க வேண்டும்.