ஜோன்சன், ஜெஃப்ரிஸ், லாங்ஃபோர்ட்: எங்கள் மாஸ்ரரின் வழக்கு

எங்கள் சரித்திர மாஸ்ரர் யாழ்ப்பாணத்தில் காலமான செய்தி இந்த மாரியில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தது. அவருடைய பாடத்தைப் பற்றியும் பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றியும் இம்மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். இரவு ப்ரெப் என்னும் படிப்பு நேரம் முடிந்தபின் விடுதி விறாந்தையில் அவர் நடத்திய வழக்கைப் பற்றி எழுதுவதே எனக்குப் பொருத்தம். ஹெவிவெயிட் எனப்படும் அதிக எடைப்பிரிவுக் குத்துச்சண்டையின் ஆரம்பகால வீரர்களுள் முதலிடம் யாருக்கு என்பதே அந்த வழக்கு. பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய படங்கள் நிறைந்த அவருடைய கொப்பிதான் எங்களுக்கிருந்த ஒரே சாட்சியம்.

எந்த விதியின் கீழ் நடந்த சண்டை என்பதைச் சொல்லாமல் எவரும் வாய்திறக்க அவர் விடமாட்டார். 1889இல் ஜோன் எல். சலிவன் வெறுங்கையால் 75 சுற்றுகள் மோதி ஜேக் கில்ரெயினை வென்றதை ஒருவன் வியந்து சொன்னால், அக்கால விதிப்படி ஒருவர் விழுந்தாலே ஒரு சுற்று முடிந்துவிடும் என்பதையும் அவனே சொல்ல வேண்டும். கையுறையும் மூன்று நிமிடச் சுற்றும் கொண்ட சண்டையில், 1892இல் நியூ ஓர்லியன்ஸில், அதே சலிவனை விலகி விலகி அலையவைத்து 21ஆம் சுற்றில் வீழ்த்தினார் ஜேம்ஸ் கோர்பெட். பலத்தோடு கால்வேகமும் கணிப்பும் மோதிய முதற் பெரிய சண்டையாக மாஸ்ரர் அதைக் கருதினார்.

நான் ஜிம் ஜெஃப்ரிஸின் பக்கம். உடலைக் குனித்து இடக்கையை முன்னே நீட்டியபடி, வாங்கிய அடிகளைப் பொருட்படுத்தாமல் நெருங்கிச் செல்லும் அந்தக் கொதிகலன் தொழிலாளியை என் இளம்வயது மனம் மிக விரும்பியது. மாஸ்ரர் ஜாக் ஜோன்சனின் பக்கம். முந்திப் பாயாமல் எதிராளியைத் தன்னிடம் வரவழைப்பதும், வரும் குத்தைத் திறந்த கையுறையால் தடுத்து எடுப்பதும், நெருங்கினால் அவருடைய புயத்தைப் பிடித்துக் குத்தைப் பிறக்குமுன்பே முடக்குவதும், பின்னர் கீழிருந்து அப்பர்கட் ஒன்றை ஏற்றுவதும் ஜோன்சனின் முறை. 1910 யூலை 4இல் ரெனோவில், 45 சுற்றுகளுக்கென ஏற்பாடான சண்டையில், 15ஆம் சுற்றிலேயே ஜெஃப்ரிஸ் வீழ்ந்தார்.

ஆறாண்டுகள் ஒதுங்கியிருந்து 35ஆம் வயதில் திரும்பி வந்தவரை வென்றது எதை நிரூபிக்கும் என்று நான் வாதாடினேன். அது பலமான வாதம் என்று ஒப்புக்கொண்டபின் மாஸ்ரர் இரண்டு விடைகள் சொன்னார். 1900இல் கோனி தீவில், தளர்ச்சி கண்டிருந்த கோர்பெட்டே 23ஆம் சுற்றில் வீழும்வரை ஜெஃப்ரிஸைக் கைக்கெட்டாமல் திணறவைத்தாரென்றால், அந்த நுட்பத்தோடு அதிக எடையும் கொண்ட ஜோன்சன் என்ன செய்திருப்பார் என்பது ஒன்று. 1903இல், இருவரும் உரமாயிருந்த காலத்தில், ஜோன்சன் சவால் விட்டும் கறுப்பருடன் பட்டத்துக்காக மோதுவதில்லையென, அப்போது உலகப் பட்டத்தை வைத்திருந்த ஜெஃப்ரிஸ் மறுத்தார் என்பது மற்றது. உரமிருந்தபோது மறுத்தவர் உரம் போனபின் நடந்த சண்டைக்கு வயதைக் காரணம் காட்ட முடியாது என்பது அவருடைய தீர்ப்பு.

அதே அளவுகோலைத் தம்முடைய வீரர்மீதும் வைத்ததற்காகவே அவரை நான் மதிக்கிறேன். ஜோன்சன் 1906இல் தம்மைவிட ஏறத்தாழ முப்பது இறாத்தல் குறைந்த சாம் லாங்ஃபோர்டை 15 சுற்றுகளில் வென்றார்; 1908இல் சிட்னியில் ரொமி பேர்ன்ஸிடமிருந்து பட்டத்தைப் பெற்றபின், வளர்ந்து வலுத்த லாங்ஃபோர்டுக்கு ஒரு வாய்ப்பும் கொடுக்கவில்லை. 1919இல் பட்டம் வென்ற ஜாக் டெம்ஸியும் கறுப்பினச் சவாலாளர் ஹரி வில்ஸை அவ்வாறே சந்திக்காமல் விட்டார். தமக்குப் பிடித்தவரின் கணக்கிலும் குறையை எழுதத் தயங்காதவரிடம் சரித்திரம் படித்தது என் பேறு.

நான் நாட்டைவிட்டு வந்தபின் கடிதங்கள் அருகின. 1995 இடப்பெயர்வில் அந்தக் கொப்பி தவறிப்போயிற்று என்று ஒன்றில் எழுதியிருந்தார். லாங்ஃபோர்ட் பிறந்தது நான் குடியேறிய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில். ரெனோச் சண்டையின் அசையும் படத்தை மாஸ்ரர் ஒருநாளும் பார்த்ததில்லை; இன்று என் கைபேசியிலேயே அது கிடைக்கிறது. ஜோன்சன் புயத்தைப் பிடித்து முடக்கும் விதத்தை அவர் நிழற்படங்களிலிருந்தே எவ்வளவு சரியாக ஊகித்திருந்தார் என்பதை அவர் அருகில் இருந்து சொல்ல முடியாத தூரத்துக்கு வந்துவிட்டேன் என்பது இப்போது உறுத்துகிறது. ஆயினும் 1903இன் ஜெஃப்ரிஸ் 45 சுற்றுச் சண்டையொன்றில் முப்பது சுற்றுகளைத் தாண்டியிருந்தால் ஜோன்சனின் கைகள் சோர்ந்திருக்கும் என்ற என் கட்சியை நான் இன்னும் விடவில்லை; 1915இல் ஹவானாவில் ஜெஸ் வில்லர்டிடம் அவர் 26ஆம் சுற்றில் வீழ்ந்ததை அதற்குச் சான்றாக வைத்திருப்பேன், அப்போது அவருக்கு வயது 37 என்று மாஸ்ரர் உடனே மறுத்திருப்பார்.