காற்றடித்தும் விரியாத இரைப்பை

எண்டோஸ்கோபி அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு, முதியவர்களின் இரைப்பைப் புற்று பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற நோய். ரத்தசோகை, எடைக் குறைவு என்று வருவார்கள். குழாயை விட்டால் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் விளிம்பு தடித்த புண் இருக்கும். தொட்டால் ரத்தம் கசியும். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியால் நாள்பட்ட அழற்சி, அதனால் சவ்வு மெலிந்து குடல் சவ்வைப் போல மாறுவது, பிறகு புற்று. இந்தப் படிகளைக் கடக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

இது குடல் வகை. 40 வயதுக்குக் கீழே அதிகம் பார்ப்பது, 1965இல் நோயியல் மருத்துவர் லாரன் பிரித்துக் காட்டிய இரு வகைகளில் மற்றது: பரவல் வகை. செல்களைப் பிணைக்கும் ஈ-கேடெரின் புரதம் செயலிழப்பதால் அவை கட்டியாகத் திரளாமல் தனித்தனியாகச் சுவருக்குள் ஊடுருவுகின்றன. மேலே சவ்வு லேசாகச் சிவந்திருக்கும், மடிப்புகள் சற்றுத் தடித்திருக்கும், அவ்வளவுதான். 'கேஸ்ட்ரைட்டிஸ்' (இரைப்பை அழற்சி) என்று ரிப்போர்ட் எழுதிவிடுவது இங்கேதான்.

இந்த இடத்தில் கண்ணைவிடக் காற்றை நம்பலாம். போதுமான காற்றைச் செலுத்தினால் நல்ல இரைப்பையின் மடிப்புகள் தட்டையாகிவிடும். விரியாமல் விறைத்து நின்றால் இரண்டு துண்டு பயாப்ஸியோடு வெளியே வரக்கூடாது. 6 முதல் 8 துண்டுகளாவது வேண்டும். அதிலும் எடுத்த இடத்திலேயே மறுபடி கடித்து ஆழமாக எடுக்க வேண்டும். முதல் கடிக்குச் சிக்குவது வெறும் மேல்சவ்வு. அதிலும் ஒன்றும் வராவிட்டால் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் செய்து சுவரின் தடிமனைப் பார்க்கலாம். பயாப்ஸி படிவத்தில் 'இரைப்பை விரியவில்லை' என்று ஒரு வரி எழுதுவது பெரிய உதவி. சிதறிக் கிடக்கும் மோதிர வடிவப் புற்றுசெல்கள் சாதாரண அழற்சி செல்களாகத் தோன்றிவிடலாம். சந்தேகம் தெரிந்தால் நோயியல் மருத்துவர் அவற்றைத் தனித்துக் காட்டும் சைட்டோகெராட்டின் சாயம் போட்டுத் தேடுவார்.

இளைஞர்களின் வயிற்று எரிச்சலில் மிகப் பெரும்பாலானவை புற்று அல்ல. எல்லோருக்கும் குழாய் விட வேண்டியதில்லை. ஆனால் நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்புவது, காரணமில்லாமல் மெலிவது, தொடர் வாந்தி ஆகியவற்றை நைட் ஷிஃப்ட் மீதும் ஹோட்டல் சாப்பாட்டின் மீதும் போட்டு மாதக்கணக்கில் 'கேஸ் மாத்திரை' கொடுப்பது தவறு. அமிலக் குறைப்பு மருந்தில் புற்றுப்புண்ணும் மேலோட்டமாக ஆறும். வலி குறைந்தது நற்சான்று ஆகாது. அதனால்தான் இரைப்பைப் புண் கண்டவர்களுக்குப் பொதுவாக 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி எண்டோஸ்கோபி செய்கிறோம். இளம்பெண்ணுக்கு இரண்டு சூலகங்களிலும் கட்டி என்றால், அது இரைப்பையிலிருந்து பரவியதாக இருக்கலாம் என்பதால் அறுவைக்கு முன் இரைப்பையைப் பார்த்துவிடுவது நல்லது.

பரவல் வகை வயிற்று உள்ளுறையில் பொடிப்பொடியாகப் படியும். சிடி ஸ்கேனில் தெரியாமல் போகலாம், பெட் ஸ்கேனிலும் மங்கலாகவே ஒளிரும். ஆகவே பெரிய அறுவைக்கு முன் லேப்ராஸ்கோபி செய்து, வயிற்றைக் கழுவிய நீரையும் சோதிக்கிறார்கள்.

சிகிச்சையில் கணக்கு மாறுகிறது. அறுவைக்கு முன்னும் பின்னுமாக, இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் நான்கு நான்கு சுற்று தரும் ஃப்ளாட் என்ற நான்கு மருந்துக் கீமோவை இளைய உடம்பு பெரும்பாலும் தாங்கும். முதியவருக்குச் சிறுநீரகம், இதயம், நரம்பு பார்த்துத்தான் அளவு. ஆனால் புற்றுத் திசுவில் ஹெர்2 (ஒரு புரதம்), எம்எஸ்ஐ (டிஎன்ஏ பழுது சரிசெய்யப்படாததன் அடையாளம்) ஆகிய குறிகள் இருந்தால் கிடைக்கும் இலக்கு மருந்து, இம்யூனோதெரபி வாய்ப்புகள் முதியவர் பக்கமே கூடுதல்.

50 வயதுக்குள் பரவல் வகை வந்தால், குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் ஈ-கேடெரினை உருவாக்கும் சிடிஎச்1 மரபணுவின் சோதனையைப் பேச வேண்டும். 1998இல் நியூசிலாந்தின் ஒரு மாவோரிக் குடும்பத்தில்தான் இந்த மரபணுவுக்கும் பரவல் வகைக்கும் உள்ள தொடர்பு முதலில் வெளிப்பட்டது. மரபணுக் கோளாறு உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் சோதனைக்குக் கூப்பிட வேண்டும். கோளாறு உள்ளவர்களுக்கு எண்டோஸ்கோபி சுத்தமாக இருந்தாலும் இரைப்பையை முன்கூட்டியே அகற்றும் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.